பென்சிலுக்கு முன்னால் நுங்கு

போன சித்திரையில் நாலரை வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். கூடவே ஆச்சியும். அம்மாவின் பையில் மூன்று நோட்டுகள். "பென்சிலையே ஒழுங்கா பிடிக்க மாட்டேங்கிறான் மேடம். ரெண்டு வரி எழுதினா கை வலிக்குதுங்கிறான். சும்மா நடிக்கிறான்னு மிஸ் சொல்றாங்க."

நான் நோட்டைத் திறக்கவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காலையில் வாங்கிய நுங்குக் காய் ஒன்று இருந்தது. தலையைச் சீவி, மூன்று கண்ணும் தெரிகிற மாதிரி அவன் கையில் கொடுத்தேன். கட்டைவிரலை விட்டு நோண்டித் தின்னச் சொன்னேன். ஆள்காட்டி விரலால் இரண்டு முறை குத்திப் பார்த்தான். கட்டைவிரலை உள்ளே விட்டு அழுத்தினால் விரல் பின்பக்கமாக மடங்கிப் போனது. கடைசியில் ஸ்பூன் கேட்டான். அவன் நடிக்கவில்லை. கட்டைவிரலில் நிஜமாகவே பலம் இல்லை.

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெயரைக் கேட்டுவிட்டு, "படிச்சு முடிச்ச பையனுக்கு ஏதாவது வேலை இருக்குமா?" என்று விசாரித்தவர்கள் உண்டு. என் வேலை அது இல்லை. பட்டன் போடுவது, பிசைந்து சாப்பிடுவது, எழுதுவது என்று குழந்தையின் அன்றாடக் காரியங்கள் தடைபட்டால் அதைச் சரிசெய்வது. 14 வருடமாக இதைச் செய்கிறேன். இப்போது வருகிறவர்களில் நிறையப் பேருக்கு நோய் என்று எதுவும் இருப்பதில்லை. கைக்கு வேலை கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால் அநேகமாக ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. மூன்று வயதில் மூன்று தெரியலாம். ஆறு வயதை ஒட்டித்தான் ஏழு தெரியும். எட்டாவது அதற்கும் சில வருடம் கழித்து. இப்படிப்பட்ட கையில் மூன்று வயதிலேயே பென்சிலைத் திணித்து, நான்கு கோட்டுக்குள் எழுது என்கிறோம். பிள்ளை என்ன செய்யும்? ஐந்து விரலையும் மூடிப் பிடிக்கும், தோளால் எழுதும், பத்து நிமிடத்தில் வலிக்கிறது என்று சொல்லும். உடனே இன்னும் இரண்டு பக்கம் எழுது என்போம்.

அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் நுங்கு, பூவரசு இலை, கோலப்பொடி, களிமண் என்று நாலே வார்த்தை. ஆச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா பீஸு வாங்குதிய?" என்றார்கள். நியாயமான கேள்வி.

நுங்கைச் சொல்லிவிட்டேன். தின்று முடித்த இரண்டு காயை ஒரு குச்சியின் இரு முனையில் சொருகி, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. குச்சியைச் சொருகிக் கொடுப்பது பெரியவர் வேலை. தள்ளுவது பிள்ளையின் வேலை. கல்லிலும் மணலிலும் கவிழாமல் தள்ளிப்போக தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து உழைக்க வேண்டும். எழுதும்போது விரலைத் தாங்கிப் பிடிப்பது இந்த மூன்றும்தான்.

பூவரசு இலைப் பீப்பியில் நான் தோற்றுப்போன கதை ஒன்று உண்டு. தெரபி அறையில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்து, எட்டு இலை கிழிந்தும் சத்தம் வரவில்லை. அதே ஆச்சிதான் சொல்லிக் கொடுத்தார்கள். கொழுந்தும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம், நடுப்பருவ இலை. காம்பைக் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து நெருக்கிச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் லேசாக நசுக்கி ஊத வேண்டும். ரொம்ப நசுக்கினால் காற்றே போகாது, விட்டுவிட்டால் பிரிந்துவிடும். இந்த "லேசாக" இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் விசையை அளந்து பயன்படுத்தும் திறன் என்று பெரிதாகச் சொல்வோம். பென்சில் முனையை உடைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும், எழுதியது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு லேசாக எழுதும் பிள்ளைக்கும் குறைவது இதுதான். ஊதுவதில் உதட்டுக்கும் மூச்சுக்கும் வேலை கிடைப்பது கூடுதல் லாபம்.

கோலப்பொடி பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பொடியை அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல். நான்கு வயதுக்குச் சிக்குக் கோலமெல்லாம் வேண்டாம். வாசல் தெளித்த ஈரத் தரையில் புள்ளி வைக்கட்டும். ஒரு புள்ளிக்கு வேண்டிய பொடியை மட்டும் விட்டு மிச்சத்தை விரலிலேயே நிறுத்துவது லேசில்லை. நீங்களே செய்து பாருங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்வதால் இடுப்புக்கும் முதுகுக்கும் பலம். பையன்களை வாசலுக்கு விடமாட்டேன் என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பையன்கள்தான் அதிகமாக என்னிடம் வருகிறார்கள்.

பவழமல்லி இருக்கிற வீடானால் விடிகாலையில் கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கச் சொல்லுங்கள். நசுங்காமல் எடுக்க நுனிவிரல் பதம் வேண்டும். பொறுக்கிய பூவின் ஆரஞ்சுக் காம்பைத் தாளில் தேய்த்தால் மஞ்சள் வண்ணம் ஒட்டும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறப்போட்டால் நீலம் இறங்கும். ஆறியதும் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். என்னிடம் வந்த பிள்ளை ஒன்று, இதற்காகவே ஒரு மூடி எலுமிச்சையை விரல் வெளுக்கும்வரை பிழிந்தது. அந்தப் பிழிதலுக்காக நான் ஒரு மாதம் ஸ்பாஞ்ச் பந்து கொடுத்துக் கெஞ்சியிருந்தேன்.

இங்கே ஒரு மனக்குறை. பள்ளியில் "இலையில் கைவினை செய்து வரவும்" என்று சொன்னால், மறுநாள் வருவதெல்லாம் அம்மாக்களின் கைவினை. அரச இலையில் மயில், கண்ணுக்கு ஜிகினா, ஓரம் கத்தரித்த நேர்த்தி. வாட்ஸ்அப் குழுவில் அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளை செய்தது கடைசியில் ஃபெவிகால் தடவியது மட்டும். எனக்கு மயில் வேண்டாம். இலையைக் கிழித்த விரல்தான் வேண்டும். களிமண்ணும் அப்படித்தான், பிள்ளை செய்த யானைக்குத் தும்பிக்கை உடைந்து விழுந்தால் விழட்டும். ஒட்டவைக்க அது படும் பாட்டில்தான் பயிற்சி நடக்கிறது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான்.

"மாண்டிசோரி" என்று லேபிள் ஒட்டிய மரச்சாமான்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு, எதை முதலில் கொடுக்கலாம் என்று கேட்பவர்களும் வருகிறார்கள். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தவர். உலகப்போர் நடந்தபோது 1942 முதல் இரண்டு வருடம் கொடைக்கானலில் தங்கி, அங்கிருந்த பிள்ளைகளோடு மலையின் செடிகளையும் பூச்சிகளையும் பார்த்துப் பாடம் நடத்தினார். அதற்கு லேபிள் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் ஏன் வெளியில் செய்ய வேண்டும், ஹாலில் பாய் விரித்துச் செய்யக் கூடாதா என்றால், செய்யலாம். ஆனால் கண்ணுக்கும் கொஞ்சம் யோசியுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்று வருடம் கவனித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, அப்படி விட்ட பள்ளிகளில் 100க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. விடாத பள்ளிகளில் 100க்கு 40 பேர் அளவில். வெளிச்சம்தான் காரணம் என்று கருதுகிறார்கள். வெயிலில் காயவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. மரநிழலிலேயே வீட்டு அறையைப் போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்குக் காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலரைக்குப் பின். ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு பார்க்கிங்கில் நிற்கும் ஒரே ஒரு வாதாமரம் போதும்.

அழுக்கு என்றால் சோப்பும் தண்ணீரும். குடற்புழு மாத்திரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வருடத்தில் இரண்டு முறை கொடுக்கிறார்கள், தவறவிடாதீர்கள். மழைக்காலத்தில் புதருக்குள் விளையாடிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, அக்குள், இடுப்பு போன்ற இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் புண் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டை, மணிபோன்ற சிறு விதை எதுவும் தனியாகக் கையில் கிடைக்கக் கூடாது. ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். குச்சி விட்டு நோண்டாமல், தண்ணீர் ஊற்றாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பயறு வகை ஈரத்தில் ஊதிவிடும்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை மூன்றும் கைவினைத் தட்டில் வரவே கூடாது. குன்றிமணியும்தான். அழகாக இருக்கிறது என்று மாலை கோக்கிறார்கள். கடினமான தோல் இருக்கும்வரை விஷம் உள்ளேயே இருக்கும். கோப்பதற்கு ஊசியால் துளை போட்டாலோ, பிள்ளை கடித்தாலோ வெளியே வரும். மிகக் கொடிய விஷம் அது.

அந்தப் பையன் ஆவணியில் மறுபடி வந்தான். மூன்று விரலில் பென்சில் நிற்கிறது. எழுத்து இன்னும் கோட்டுக்கு மேலே மிதக்கிறது. மிதக்கட்டும், வயது இருக்கிறது. நுங்கு சீசன் முடிந்துவிட்டதே, இனி என்ன கொடுப்பது என்று அம்மா கேட்டார். சதுர்த்தி வருகிறது, வேளாரிடம் ஒரு உருண்டை களிமண் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையார் பிடிக்கச் சொல்லுங்கள் என்றேன். தும்பிக்கை வலப்பக்கமா, இடப்பக்கமா என்று ஆச்சிக்குச் சந்தேகம். அவன் இஷ்டம் என்றேன். கண்ணுக்கு மட்டும் குன்றிமணி வேண்டாம், மிளகு வையுங்கள்.