இறால் தொட்டிக்குச் சத்து ஊற்றும் முன்

அழகுக்காக இறால் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளின் பராமரிப்புக்குப் போகும் இடங்களில் நான் அடிக்கடி கேட்பது இதுதான்: "இறால் ஒவ்வொண்ணாச் சாகுது சார், என்ன ஊத்தலாம்?" ஜிஹெச் (நீரின் மொத்தக் கடினத்தன்மை) எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அலமாரியில் புட்டிகள் மட்டும் வரிசையாக இருக்கும்.

வளர வேண்டுமானால் இறால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். புது ஓடு கெட்டிப்படக் கால்சியம் வேண்டும், கூடவே மக்னீசியமும். இவற்றில் பெரும்பங்கை அது நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஜிஹெச் காட்டுவது இந்த இரண்டின் அளவைத்தான். செர்ரி இறாலுக்கு 6 முதல் 8 டிகிரி, கிரிஸ்டல் ரெட் வகை இறாலுக்கு 4 முதல் 6 டிகிரி இருந்தால் போதும். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது சோடியம் உட்படக் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வரும் நீரில் டிடிஎஸ் நிறைய இருக்கும். ஜிஹெச் ஏறக்குறைய இருக்காது.

ஆர்ஓ நீர் பயன்படுத்துகிறவர்களுக்குத் தாதுப்பொடி கட்டாயம். செர்ரிக்கு ஜிஹெச், கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) இரண்டையும் கூட்டும் பொடி. அமில மண் போட்ட கிரிஸ்டல் தொட்டிக்கு ஜிஹெச் மட்டும் கூட்டும் பொடி. மாற்றிப் போட்டால் பிஹெச்சைக் குறைவாக, நிலையாக வைத்திருக்கும் அந்த மண்ணின் திறன் சீக்கிரமே தீர்ந்துவிடும். பொடியை வெளியே வாளியில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

தலை ஓடு முடியும் இடத்தில் உடலைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால், ஓடு உரிப்பதில் சிக்கல். உடனே கால்சியத்தைக் கொட்டுவார்கள். ஆனால் நான் பார்த்தவற்றில் பலவற்றுக்குக் காரணம் பாதித் தொட்டி நீரை ஒரே நாளில் மாற்றியது. வாரம் 10 முதல் 15 சதவீதம், சொட்டுச் சொட்டாக மாற்றினால் போதும். (கழற்றிப் போட்ட ஓட்டைப் பார்த்துவிட்டு இறால் செத்துவிட்டதென்று அழைப்பவர்களும் உண்டு. ஓட்டை எடுக்காதீர்கள், இறால்களே தின்றுவிடும்.)

தனி அயோடின் சொட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. பல வகை உணவு கொடுத்தாலே போதும், அளவு மீறினால்தான் ஆபத்து. குஞ்சுகள் மேயும் நுண்ணுயிர்ப் படலத்தை வளர்க்கும் பாக்டீரியாப் பொடி நல்லதுதான், ஆனால் துளியூண்டு. கூடினால் நீர் கலங்கும், இரவில் ஆக்ஸிஜன் குறையும். இறால் உணவின் லேபிளில் சிறிதளவு காப்பர் சல்பேட் இருந்தால் பயப்பட வேண்டாம். காப்பர் கலந்த மீன் மருந்தைத்தான் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்டப் பொடி கலக்காத ஆர்ஓ நீரையே ஊற்றுங்கள். நீர்தான் ஆவியாகிறது, தாது தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.