மரமஞ்சளும் பாக்டீரியாவின் பம்பும்

நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் கேட்டால் விறகுத் துண்டு மாதிரி ஒன்றை எடுத்துத் தருவார்கள். உடைத்தால் உள்ளே பளீரென்று மஞ்சள்; நாக்கில் வைத்தால் கசப்பு. அந்த மஞ்சள் நிறம் பெர்பெரின் என்ற சேர்மத்தால் வருவது. (சமையல் மஞ்சளில் இருப்பது குர்குமின், அது வேறு.)

பெர்பெரினுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் குணம் உண்டு. அது நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியா செல்லின் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் தானாகவே உள்ளே இழுக்கப்பட்டு, டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக்கை விட்டுவிட்டு இதையே கொடுக்கலாமே? அங்கேதான் சிக்கல். புண்ணில் சீழ்பிடிக்க வைக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸின் சவ்வில் நார்-ஏ என்றொரு புரதம் இருக்கிறது. கிணற்றில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பதுபோல, உள்ளே வரும் நஞ்சை அது வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்குத் தண்ணி காட்டுவதும் இதே பம்ப்தான். நார்-ஏ என்ற பெயரே அந்த மாத்திரையின் பெயரிலிருந்து வந்ததுதான்.

சரி, இப்படி இறைத்துத் தள்ளப்படும் நஞ்சைச் செடி ஏன் மெனக்கெட்டுத் தயாரிக்கிறது? பெர்பெரின் தயாரிக்கும் பெர்பெரிஸ் இனச் செடிகளை ஆராய்ந்த ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் 2000-ல் ஒரு விடை சொன்னார்கள். அதே செடிகளில் 5'-மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு சேர்மமும் இருந்தது. அது தனியாக ஒரு பாக்டீரியாவைக்கூடக் கொல்லவில்லை. ஆனால் பம்பை அடைத்துவிட்டது. வெளியேற வழியில்லாமல் பெர்பெரின் செல்லுக்குள் குவிந்தது. தொழுநோய்க்கு ஒருகாலத்தில் பூசிய நீரடிமுத்து எண்ணெயில் சிறு அளவில் இருப்பதாக முன்பே அறியப்பட்டிருந்த சேர்மம்தான் அது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. மூலிகைச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான ஆய்வுமுறை. அப்படிப் பார்த்தால் இந்தக் கூட்டாளி முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போயிருக்கும். பெர்பெரினும் 'சுமார்' என்று ஓரங்கட்டப்பட்டிருக்கும். அதனால் இப்போது பலர், குறைந்த அளவு பெர்பெரினோடு சேர்த்தே மற்ற பகுதிகளைச் சோதிக்கிறார்கள்.

அதற்காக மரமஞ்சளைக் காய்ச்சிக் குடித்து ரத்தத்தில் பரவிய தொற்றை விரட்டிவிட முடியாது. குடித்த பெர்பெரினில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேருவதில்லை. நம் குடல் செல்களிலும் ஒரு பம்ப் இருக்கிறது. பி-கிளைகோபுரதம் என்ற அது, உள்ளே நுழையும் பெர்பெரினைத் திரும்பக் குடலுக்கே இறைத்துவிடுகிறது.