பால் ஊற்றாத டீ நிறத்தில் ஒரு ‘கிராஃபீன்’

உறைபனி விழுந்துகொண்டிருந்த ஒரு ஜனவரி வாரம், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை விவசாயி ஒருவர் ஊட்டியில் இருக்கும் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு பாட்டிலோடு வந்தார். ஆன்லைனில் வாங்கியதாம், லேபிளில் பெரிதாக ‘கிராஃபீன்’, அதாவது ஒரே ஒரு அணு தடிமனில் இருக்கும் கார்பன் தகடு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதைத் தகட்டில் பூசி பேட்டரி கொடுத்து நாற்றங்காலுக்குச் சூடு காட்டலாம் என்பது அவர் திட்டம். “நாலு கோட் அடிச்சுட்டேன் சார், ஒண்ணுமே சூடாகல.”

மீட்டரை எடுப்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஏனென்றால் உள்ளே இருந்தது பால் ஊற்றாத டீ நிறம். அது கிராஃபீன் ஆக்ஸைடின், அதாவது ஆக்ஸிஜன் ஒட்டிய கிராஃபீனின் நிறம். காய்ந்த பூச்சில் மீட்டரை வைத்தால் முள் அசையவே இல்லை, மின்சாரத்தைக் கடத்தவில்லை.

விஷயம் இதுதான். கிராஃபீனில் ஒவ்வொரு கார்பனும் தன் நாலு எலக்ட்ரான்களில் மூன்றைப் பக்கத்துக் கார்பன்களோடு கைகோக்கப் பயன்படுத்துகிறது, நாலாவது தகடு முழுக்க அலைகிறது. மின்சாரம் என்பது அந்த நாலாவதின் ஓட்டம். ஆக்ஸிஜன் வந்து ஒரு கார்பனில் ஒட்டினால் அந்த நாலாவது எலக்ட்ரானும் பிணைப்பில் கட்டிப்போடப்படும், தட்டையாக இருந்த கார்பனும் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் எலக்ட்ரான் சுற்றிக்கொண்டு போய்விடும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தால் ஒதுங்கிப் போகலாம், பத்து இடத்தில் மண் சரிந்தால்? கிராஃபீன் ஆக்ஸைடில் ஏறக்குறைய இரண்டு கார்பனுக்கு ஒரு ஆக்ஸிஜன் இருக்கும். பாதை முழுக்க அடைப்பு.

எது ஒட்டுகிறது, எங்கே ஒட்டுகிறது என்பதும் முக்கியம். ஆக்ஸிஜன் பல வடிவக் குழுக்களாக ஒட்டும்: எபாக்ஸி, ஹைட்ராக்சில் குழுக்கள் பெரும்பாலும் தகட்டின் நடுவிலேயே உட்காரும், கெடுதல் அதிகம். கார்பாக்சில் ஓரத்தில்தான் தொங்கும். 2009இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுக்குழு கிராஃபீனில் ஹைட்ரஜனை ஒட்டவைத்துக் கடத்தும் தன்மையைக் குறைத்து, பிறகு சூடாக்கி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃப்ளூரினை முழுக்க ஒட்டினால் நல்ல காப்புப் பொருளே கிடைக்கும். நைட்ரஜன் டை ஆக்ஸைடும் அம்மோனியாவும் வேறு ரகம்: பிணைப்பை உடைக்காமல் மேலே உட்கார்ந்து, நைட்ரஜன் டை ஆக்ஸைடு எலக்ட்ரானைப் பிடுங்கும், அம்மோனியா கொடுக்கும். வாயு சென்சார்கள் இந்த வித்தையில்தான் ஓடுகின்றன.

ஆனால் ஆக்ஸைடைத் திட்டாதீர்கள். அது தண்ணீரில் அழகாகக் கலப்பதே அந்தக் குழுக்களால்தான். சுத்தக் கிராஃபீன் தண்ணீரில் கலக்காமல் கட்டிகட்டியாய்ச் சேர்ந்துவிடும், பாட்டிலில் அடைத்து விற்பதே கஷ்டம்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, மூடுபனி. ஆக்ஸைடு படலம் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் மீட்டர் ஏதோ ஒரு அளவைக் காட்டும், ஆஹா கடத்துகிறதே என்று துள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஈரத்தில் நகரும் புரோட்டான்கள். நன்றாகக் காயவைத்து மறுபடி பாருங்கள். அதே மாதிரி, கறுப்பாக இருந்து கடத்திவிட்டாலும் கிராஃபீன் என்று அர்த்தமில்லை, பென்சில் கோடும் கடத்தும்! விற்பவரிடம் கேட்க வேண்டியது கார்பன்–ஆக்ஸிஜன் விகிதம். பதில் சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்குவதில்லை.

கிராஃபீன் ஆக்ஸைடை வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று வீடியோ பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு: வேண்டாம். 1958இல் வந்த ஹம்மர்ஸ் முறையில் அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்கின்றன. அதில் உருவாகும் மாங்கனீஸ் ஹெப்டாக்ஸைடு 55 டிகிரி தாண்டினால் வெடிக்கக்கூடியது, அதனால் கலவையை ஐஸில் வைத்துத்தான் செய்ய வேண்டும். “ஊட்டிக் குளிருக்கு ஐஸ் எதுக்கு சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். சூடு உள்ளிருந்து வருகிறது தம்பி, வெளியே பனி பெய்தாலும் ஐஸ் வேண்டும்.

சரி, அந்தப் பாட்டில். பாதியை எடுத்து வைட்டமின் சி போட்டு வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம், ஆக்ஸிஜனைக் கழற்ற. மெல்லக் கறுத்தது. காயவைத்துப் பார்த்தால் மீட்டர் மின்தடையைக் கிலோ ஓம்களில் (ஆயிரக்கணக்கான ஓம்களில்) காட்டியது. கடத்துகிறது, ஆனால் அசல் கிராஃபீன் கிட்டவே வராது, ஏனென்றால் குழுக்கள் முழுசாய்க் கழன்றுவிடுவதில்லை, கழன்ற இடத்திலும் ஓட்டை விழும். நாற்றங்காலுக்கு அது போதாது என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன், ‘95 டிகிரி’ என்று எழுதியிருந்தார்கள். ஊட்டியில் தண்ணீர் கொதிப்பதே 92, 93இல்தான். புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்ததை அடித்துத் திருத்தச் சொன்னேன்.