பிலிம்: படலமும் படச்சுருளும்

‘பிலிம் முடிஞ்சுது’, ‘பிலிம் கழுவக் குடுத்தாச்சு’ என்று வன்னியில் நெடுநாளாய்ப் புழங்கும் சொல். பழைய ஆங்கிலத்தில் இதன் மூல வடிவம் ‘ஃபில்மென்’. பொருள், சவ்வு அல்லது மெல்லிய தோல். பிறகு எந்தப் பொருளின் மேலும் படியும் மெல்லிய பூச்சுக்கு அது பெயரானது. 1840களில் ஒளிப்படக்காரர்கள் படம் பதியும் தட்டின் மேலிருந்த மருந்துப் பூச்சை அப்படி அழைத்தார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் பூச்சும் அதைத் தாங்கும் செலுலாய்ட் என்ற பிளாஸ்ரிக் தாளும் சேர்ந்த முழுப்பொருளே பிலிம் ஆயிற்று.

ஆக, ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள். தமிழில் இவற்றைப் பிரித்தே சொல்லலாம். ஒளி பட்டதும் மாறும் வெள்ளி உப்புகள் ஜெலற்றினில் கலந்து பூசப்பட்டிருக்கின்றனவே, அந்தப் பூச்சு படலம். கண்ணில் படலம் விழுந்துவிட்டது என்கிறோமே, அதே சொல்தான். ஜெலற்றின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. தோல் என்ற பழைய பொருள் இன்னும் அதற்குள் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

கமராவில் போடுகிற முழுப்பொருள் படச்சுருள். 35 மில்லிமீற்றரைவிட அகலமான பிலிம் போடும் பழைய மீடியம் ஃபோர்மற் கமராவில் இந்தப் பெயர் அப்படியே பொருந்தும். அதில் போடும் 120 றோலுக்கு 35 மில்லிமீற்றர் பிலிமைப்போல உறை கிடையாது. ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் அகலப் பிலிமும் அதன் முதுகில் ஒரு காப்புத்தாளும் ஒன்றாய்ச் சுருண்டிருக்கும், அவ்வளவுதான். 120 என்பது அளவல்ல, கொடாக் நிறுவனம் இட்ட வரிசை எண். 1901இல் பிரவுணி கமராவுக்காக வந்த சுருள் இன்றும் விற்பனைக்கு வருகிறது. சதுரப் படமென்றால் ஒரு சுருளில் 12 எடுக்கலாம். ஒவ்வொன்றும் 35 மில்லிமீற்றர் படத்தைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. பெருந்தாள் பிலிமுக்கும் 35 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டதால் மீடியம் ஃபோர்மற்றை ‘நடுத்தர அளவு’ என்று எழுதினால் போதும்.

உறை இல்லாததால்தான் வெளியில் படம் பிடிப்பவருக்கு இந்தச் சுருள் இவ்வளவு வேலை வைக்கிறது. இரணைமடுக் குளக்கட்டில் உச்சி வெயிலில் நின்று மாற்றினால் ஓரத்தால் ஒளி புகுந்து படத்தின் விளிம்பு வெளுக்கும். ஒரு பாலை மர நிழலுக்குப் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி மாற்றுவதே நல்லது. முடிந்த சுருளைத் திரும்பச் சுற்றவும் தேவையில்லை. மறுபக்கத் தண்டில் தானாய்ச் சேர்ந்திருக்கும். தளர விடாமல் விரலால் அழுத்தி எடுத்து, நுனியிலுள்ள பசைத்தாளை நனைத்து இறுக ஒட்ட வேண்டும். வன்னியின் செம்மண் புழுதி உள்ளே போனால் படலத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் ஒவ்வொரு பிரதியிலும் வரும்.

பேச்சில் பிலிம் என்பதை மாற்றச் சொல்ல மாட்டேன். எழுத்தில் மட்டும் முழுச்சுருளைப் படலம் என்று எழுத வேண்டாம். ‘வெப்பத்தில் படலம் இளகியது’, ‘படச்சுருளை மாற்றினேன்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு எது எதுவென்று உடனே விளங்கும். கழுவுதல் என்ற நம் வழக்குச் சொல்லும் நல்ல சொல்தான், அதை அப்படியே எழுதலாம்.