வௌவாலுக்குக் கண் தெரியும், நீங்கள் முதலில் கையைக் கழுவுங்கள்

போன சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. கிளினிக் கதவை இழுத்துச் சாத்தப் போகும் நேரத்தில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அப்பா கையில் பிஸ்கட் டின், அம்மா பிடியில் எட்டு வயதுப் பையன். டின்னுக்குள் ஒரு வௌவால்.

"குருட்டுச் சனியன் டாக்டர், ஜன்னல் வழியா வந்து நேரா இவன் மேல மோதிடுச்சு" என்றார் அம்மா.

பையனைத் தனியாகக் கேட்டேன். மோதவில்லையாம். மாமா பேட்மிண்டன் ராக்கெட்டால் அடித்தார், கீழே விழுந்தது, பாவமாக இருந்ததால் எடுத்தேன், கடித்துவிட்டது என்றான். ஆள்காட்டி விரலில் குண்டூசி குத்தியது போல இரண்டு புள்ளிகள். கடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கழுவினீர்களா என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மஞ்சள் அப்பியிருந்தார்கள்.

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் செம்பனை, நடுவில் பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்புகள், கொஞ்சம் தள்ளிச் சுண்ணாம்புக் குன்றுகள். இப்படிப்பட்ட இடத்தில் வௌவால் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் மாடு, ஆடு, நாய், பூனை பார்க்கிற ஆள். ஆனால் சிறகு ஒடிந்தது எதுவானாலும் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறது.

சரி, அந்தக் 'குருட்டு' விஷயத்துக்கு வருவோம். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

வௌவாலுக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண் தெரியும். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுகூடக் குருடு கிடையாது. பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது, பாதிக் கதையைக் கேட்ட யாரோ மீதியைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 1793-ல் இத்தாலியின் பாவியா நகரில் ஸ்பல்லன்சானி என்பவர், பாதிரியாரும் விஞ்ஞானியுமானவர், ஒரு விஷயத்தைக் கவனித்தார். மெழுகுவர்த்தி அணைந்ததும் அவர் அறையில் இருந்த ஆந்தை தடுமாறிச் சுவரில் முட்டிக்கொண்டது. வௌவால் முட்டவில்லை. வௌவால்களின் கண்ணைக் குருடாக்கியும் பார்த்தார். கொடுமைதான், ஆனால் அந்தக் காலம் அப்படி. அவை அப்போதும் எதிலும் இடிக்காமல் பறந்தன. ஜெனிவாவில் ழூரின் என்ற மருத்துவர் காதை அடைத்துப் பார்த்தார். அப்போதுதான் கண்டதிலெல்லாம் முட்டின.

அதாவது 'கண் இல்லாவிட்டாலும் பறக்கும்' என்பது சோதனை சொன்னது. 'கண் இல்லாததால்தான் அப்படிப் பறக்கிறது' என்பது நம் ஆட்கள் சேர்த்தது. இரண்டும் ஒன்றா? கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தான் போடத் தெரிந்தவரைக் குருடர் என்போமா?

காதுக்கு என்னதான் கேட்கிறது என்பது தெரிய இன்னும் 140 வருடத்துக்கு மேல் ஆனது. 1938-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், தன் வௌவால்களை ஒரு கூண்டோடு இயற்பியல் பேராசிரியர் பியர்ஸின் கருவி முன்னால் கொண்டுபோய் வைத்தார். நமக்குக் கேட்காத சத்தத்தை வாங்கும் கருவி அது. சும்மா இருப்பதாக நினைத்த வௌவால்கள் கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தின் எதிரொலியை வைத்து வழி பார்ப்பதற்கு 1944-ல் அவரே பெயரும் வைத்தார். எதிரொலி எப்படித் திரும்பி வருகிறது என்று நான் விளக்கப் போவதில்லை, கிணற்றுக்குள் கூப்பிட்டுப் பார்க்காதவர் யார்? வேகத்தை மட்டும் யோசியுங்கள். மூன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கிற பூச்சியிடம் போய்ச் சத்தம் திரும்பி வர ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. தேடும்போது வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை கத்துகிற வௌவால், பூச்சியை நெருங்கியதும் இருநூறு தடவை வரை கத்தும். அதுவும் லேசான சத்தமில்லை. நூறு டெசிபெலைத் தாண்டும். தன் சத்தத்தில் தன் காதே போகாமல் இருக்க, ஒவ்வொரு முறை கத்துவதற்குச் சற்று முன்னால் நடுக்காதின் சின்னத் தசையை இறுக்கிக்கொள்ளும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இப்படி ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பியை இருட்டில் ஒதுங்கிப் போகிற பிராணி, எட்டு வயதுப் பையனைக் கவனிக்காமல் மோதியதாம்.

"அப்ப ஏன் டாக்டர் தலைக்கு நேரா வருது?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தெருவிளக்குக்குக் கீழே நீங்கள் நின்றால் உங்களைச் சுற்றிக் கொசு நிற்கும், அதைப் பிடிக்க வருகிறது. வீட்டுக்குள் என்றால் வேறு காரணம். அறை சின்னது. சுவர் பக்கம் திரும்பும்போது வேகம் குறைந்து நடுவில் தாழ்ந்து, மறுபக்கம் ஏறும். அந்தத் தாழ்வில் உங்கள் தலை இருக்கிறது, அவ்வளவுதான். முடியில் சிக்கிக்கொள்ளும் என்று துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடுகிற அக்காமார்களே, இத்தனை வருடத்தில் முடியில் வௌவாலோடு யாரும் என் கிளினிக்குக்கு வந்ததில்லை.

இன்னொன்று. எதிரொலி வைத்துப் பறப்பது எல்லா வௌவாலும் செய்கிற காரியம் இல்லை. தமிழில் சின்னதற்குத் துரிஞ்சில் என்று தனிப்பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. சிலிங்குக்குள் இருப்பது, பனை ஓலை மடிப்பில் இருப்பது எல்லாம் பெரும்பாலும் பூச்சி தின்னும் துரிஞ்சில். சனிக்கிழமை டின்னில் வந்ததும் அதுதான், மஞ்சள் வயிற்று வீட்டு வௌவால். மாலையில் வானத்தில் காக்கை போல மெதுவாகப் போகும் கெலுவாங், அதாவது பெரிய பழவௌவால், வேறு கூட்டம். அதற்கு நரி மூஞ்சி, பெரிய கண். தொண்டையால் கத்தி எதிரொலி கேட்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கண்ணாலும் மூக்காலும் பழத்தைத் தேடுகிறது. குருடு என்று நாம் திட்டுகிற கூட்டத்திலேயே கண்ணை நம்பிப் பிழைக்கிறவையும் இருக்கின்றன, பாருங்கள். கொய்யா மரத்துக்கு வருகிற சின்னப் பழவௌவால் இரண்டுக்கும் நடுவில். சிறகால் 'டிக் டிக்' என்று சத்தம் எழுப்பி, அதை வைத்து இருட்டில் ஓரளவு தடவிப் போகும் என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். பத்துமலை இருட்டுக் குகையில் குடியிருக்கும் தேன் குடிக்கும் வௌவாலும் இதைச் செய்கிறது. டுரியான் பூவும் பெத்தாய்ப் பூவும் காயாக மாறுவதில் அந்த வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. டுரியான் சீசனில் கிலோ விலையைத் திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் உடனே ஆந்தையை இழுப்பார்கள். செம்பனைக்குள் எலி பிடிக்கப் பெட்டி வைத்து வளர்க்கிற கூகை கத்துவதில்லை, கேட்கிறது. எலி சருகில் நடக்கிற சத்தம் போதும் அதற்கு. டவுனில் பழைய கடைவீட்டு மாடிகளில் கூடு கட்டுகிற உழவாரக் குருவி மட்டும் எதிரொலிக்காரன்தான். ஆனால் அது போடும் 'கிட் கிட்' சத்தம் நம் காதுக்கே கேட்கும். கடை வாசலில் நாள் முழுக்க ஸ்பீக்கரில் அலறுவதோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குருவியைக் கூப்பிட முதலாளி போடுகிற பதிவு.

வௌவால் எதிலுமே மோதாதா? மோதும். புதுக் கடை வரிசைகளில் கண்ணாடிச் சுவருக்குக் கீழே விடிகாலையில் கிடக்கிறதே, அது இதனால்தான். வழவழப்பான செங்குத்துப் பரப்பில் சாய்வாகப் பட்ட சத்தம் திரும்பி வராமல் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். திரும்பி வராததால் அங்கே ஒன்றுமில்லை, திறந்த வெளி என்று வௌவாலுக்குத் தோன்றும். 2017-ல் ஜெர்மனியில் சோதித்துக் காட்டினார்கள். குற்றம் கண்ணாடி மேல்.

பிளக்கில் செருகினால் வௌவால், எலி, கரப்பான் எல்லாம் ஓடிவிடும் என்று ஆன்லைனில் விற்கிற 'அல்ட்ராசோனிக்' பெட்டியை வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள். அந்த உச்சஸ்தாயிச் சத்தம் காற்றில் கொஞ்ச தூரத்திலேயே தேய்ந்துவிடும், பலகையைத் தாண்டாது. வரவேற்பறையில் செருகிவிட்டு சிலிங்குக்கு மேலே இருப்பது ஓடும் என்று காத்திருப்பது, சமையலறையில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு மாட்டுக்கொட்டகை மணக்கும் என்று நினைப்பது மாதிரி. அந்த ரிங்கிட்டுக்கு நல்ல தோல் கையுறை வாங்கலாம்.

பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1998-ல் ஈப்போ பக்கம் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை போன நிப்பா வைரஸ் காய்ச்சலை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்கு மருந்து அடித்தார்கள். 1999-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நம் நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் அழிக்கப்பட்டன. வைரஸ் கெலுவாங்கில் இருந்தது. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாந்தோப்பு இருந்தது. கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது. இதைக் கேட்டதும் கெலுவாங் தொங்குகிற மரத்துக்குத் தீ வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வைக்காதீர்கள். கலைந்த கூட்டம் நாலு ஊருக்குப் பறக்கும். சட்டமும் இருக்கிறது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். கொட்டகைக்கு மேலே பழமரம் வளர்க்காதீர்கள். இவ்வளவு செய்தால் போதும்.

இனி, வீட்டுக்குள் வந்துவிட்டால். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். என்னிடம் வருகிற சிறகு ஒடிந்த வௌவாலில் பாதி விசிறியில் அடிபட்டது, மீதி ராக்கெட்டில். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, உள்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்க் காப்பி குடியுங்கள். நீங்கள் தம்ளரைக் கழுவி வைப்பதற்குள் பெரும்பாலும் போயிருக்கும். கீழே விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த துண்டோ கையுறையோ போட்டு அட்டைப்பெட்டிக்குள் தள்ளுங்கள். தரையிலிருந்து எழும்ப முடியாமல் தவித்தால் ஒடிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல வௌவால்களுக்குத் தரையிலிருந்து கிளம்புவது கஷ்டம், உயரமான மரத்தில் ஏற்றிவிட்டால் தானே பறந்துவிடும்.

கடித்துவிட்டால், கீறல் என்றாலும்: சோப்பு, ஓடுகிற தண்ணீர், பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள் வேண்டாம், எச்சில் வேண்டாம், காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். அப்படியே அரசாங்கக் கிளினிக்குக்கு. பல நாடுகளில் வௌவால்கள் வெறிநாய்க்கடி நோயின் குடும்பத்து வைரஸ்களைச் சுமக்கின்றன. ஊசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது மனிதர்களைப் பார்க்கிற டாக்டர், நான் இல்லை. அந்தப் பையனையும் அன்றிரவே அங்கேதான் அனுப்பினேன்.

சிலிங்கில் குடியிருந்தால் புகை போடாதீர்கள், தயவுசெய்து. வௌவாலுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான். தாய் வெளியே போன நேரத்தில் ஓட்டையை அடைத்தால் உள்ளே குட்டி செத்து நாறும், அப்புறம் அந்த நாற்றத்துக்கும் எனக்குத்தான் போன் வரும். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, இரவு எல்லாம் கிளம்பிய நேரத்தில் அடையுங்கள். எச்சத்தைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும்.

டின்னில் வந்த வௌவால் பிழைக்கவில்லை, சிறகெலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. டின் மூடியில் ஓட்டையும் இல்லை. இனிமேல் கொண்டு வருகிறவர்கள் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொண்டு வாருங்கள், வருவதற்கு முன் ஒரு போன் செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கிளினிக் மூடியிருக்கும்.