ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, அப்புறம் ஏன் இப்படி?

பையை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே அதன் கனம் தெரிந்தது. ஒன்றரை வருட ரிப்போர்ட்டுகள். இசிஜி மட்டும் ஏழு. எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி, தலைக்கு ஒரு ஸ்கேன். கொண்டுவந்தவருக்கு வயது நாற்பதுக்குள். (இதில் வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) "திடீர்னு நெஞ்சு படபடக்குது, கை மரத்துப் போகுது, செத்துடுவேனோன்னு இருக்கு. எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க டாக்டர். அப்புறம் ஏன் இப்படி வருது?"

பல வருடங்களுக்கு முன்னால் என்றால் நானும் அதே "ஒன்றுமில்லை"யைத்தான் சொல்லி அனுப்பியிருப்பேன். அதுவும் ஏதோ நல்ல சேதி சொல்கிற தோரணையில். வலியோடு வந்தவர் காதில் அது "நீ பொய் சொல்கிறாய்" என்று விழும் என்பது எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆனது. பொது மருத்துவம் பார்க்கிற நாங்கள் அதிகம் சொல்கிற, அதிகம் கெடுதல் செய்கிற வார்த்தை அதுதான்.

இசிஜியில் ஒன்றும் இல்லை என்றால், அதை எடுத்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு தெரியவில்லை என்று பொருள். படபடப்பு இல்லை என்று பொருளல்ல. பயம் வந்ததும் சிறுநீரகங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. மூச்சு வேகமாவதால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை, அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். என் எதிரில் இருந்தவருக்கு இந்த ஆயத்தம் துரத்த யாருமே இல்லாத நேரத்தில் வந்துகொண்டிருந்தது. இதற்குப் பெயர் பேனிக் அட்டாக். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது முதல் முறை வரும்போது "டென்ஷன்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. மாரடைப்புக்கும் இதே அறிகுறிகள் வரலாம். இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் மனதைப் பற்றிய பேச்சு.

அவர் பேசும்போது நான் கவனித்தது ரிப்போர்ட்டை அல்ல, அவர் வலது கையை. இரண்டு விரல் இடது மணிக்கட்டில் இருந்தது. நாடி பார்த்துக்கொண்டே பேசினார். ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்ப்பீர்கள் என்றேன். கணக்கில்லை என்றார். மாடிப்படி ஏறுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏறினால் படபடக்கும், அந்தப் பயம்.

சிக்கல் இறுகுவது இங்கேதான். எட்டு மாதம் நடமாட்டத்தைக் குறைத்த உடம்பு நிஜமாகவே தெம்பை இழக்கும். நாலு படி ஏறினாலும் நாடி எகிறும். "பார்த்தாயா, இதயத்தில் ஏதோ இருக்கிறது" என்று பயத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கும். அடுத்த நாள் இன்னும் குறைவாக நடப்பார். தொடங்கியது மனதில்தான் என்றாலும் இப்போது தளர்ந்திருப்பது உடம்பு. இரண்டில் எது நோய் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

டிரெட்மில் ரிப்போர்ட் நன்றாக இருந்த தைரியத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். மேலே போனதும் நாடி 124. முகம் வெளுத்துவிட்டது. "அப்படியே நில்லுங்க, ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றேன். நாலு நிமிடத்தில் 92. இந்த இறக்கத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. நாடி ஏறியதுமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர், அது இறங்குவதை எப்படிப் பார்த்திருக்க முடியும்? அன்று மாத்திரை எழுதவில்லை. தினம் ஒரு மாடி, அதோடு மனநல ஆலோசகருக்கு ஒரு கடிதம்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியை மகள் அழைத்து வந்தார். கணவர் இறந்ததிலிருந்து அம்மா யாரிடமும் பேசுவதில்லை, எந்நேரமும் படுக்கை, வேறு ஒரு இடத்தில் மனச்சோர்வு என்று கொடுத்த மாத்திரை ஐந்து மாதமாகியும் பலன் தரவில்லை. அந்த அம்மாவின் குரல் கரகரத்தது. வெயில் நாளிலும் சால்வை போர்த்தியிருந்தார். கணுக்காலில் சுத்தியலால் தட்டினேன். பாதம் சட்டென்று கீழே போனது. திரும்பி வரத்தான் மனமில்லாததுபோல் மெதுவாக வந்தது. தைராய்டு குறைவில் இதைப் பார்க்கலாம். ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறுகிற ஹார்மோன்) அளவு ஏகத்துக்கு உயர்ந்திருந்தது. அந்த ஐந்து மாதத்தில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. துக்கம் ஒரு நல்ல காரணமாகக் கண்ணெதிரே இருந்ததால் வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை.

தைராய்டு மாத்திரையில் இரண்டு மூன்று மாதத்தில் குரல் தெளிந்தது, நடமாட்டம் வந்தது. கதை அதோடு முடிந்திருந்தால் எனக்கும் பெருமையாக இருந்திருக்கும். பாதிதான் சரியானது. மீதிப் பாதி உண்மையான துக்கம். அதற்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

மனச்சோர்வு, பதற்றம் என்று வருகிறவர்களிடம் உடம்பில் தேட வேண்டியவை இன்னும் உண்டு. தைராய்டு கூடினால் பதற்றமும் கை நடுக்கமும். ரத்தசோகையில் அசதியும் படபடப்பும். வைட்டமின் பி12 குறைந்தால் மறதி, சிடுசிடுப்பு, பாதத்தில் எரிச்சல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களும், விலங்கு உணவே சேர்க்காதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் வரும் வியர்வையும் நடுக்கமும் அச்சு அசல் பேனிக் மாதிரியே இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப்போடும். அப்புறம் குறட்டை. தூக்கத்தில் அடிக்கடி மூச்சு நின்று நின்று வருகிறவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியிருக்க மாட்டார். பகலெல்லாம் எரிந்து விழுவார், எதிலும் மனம் ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்க நான் நோயாளியைக் கேட்பதில்லை, பக்கத்தில் படுப்பவரைக் கேட்பேன்.

நீண்ட நாள் நோயோடு வாழ்கிறவர்களின் மனதை நாங்கள் கேட்பதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணிகளில் புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு மன உளைச்சலையும் சேர்த்தது. இருந்தும், சர்க்கரை ஏறிவந்தால் "வாயைக் கட்டணும்" என்று அதட்டுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. மாத்திரையை எடுத்து விழுங்கக்கூடத் தோன்றாத நிலையில் ஒருவர் இருக்கலாமே என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு இடத்தில். தீவிர மனநோய் உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் அவர்களைக் கொல்வது இதயநோய் போன்ற உடல்நோய்கள். சில மனநோய் மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அதைவிட மோசம், அவர் நெஞ்சு வலி என்றால் "அவர் அப்படித்தான் ஏதாவது சொல்வார்" என்று சுற்றியிருப்பவர்கள் தள்ளிவிடுவது. மருத்துவர்களும் இதில் சேர்த்தி.

டாக்டரிடம் போகும்போது வலியை மட்டும் சொல்லாதீர்கள். தூக்கம் எப்படி, எடை கூடியதா குறைந்ததா, என்னென்ன மாத்திரை ஓடுகிறது, முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமே இல்லையா, இதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாள் பலனில்லை என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி லேசான மனச்சோர்வுக்கும் நன்றாகவே உதவும். ஆனால் படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் "வாக்கிங் போ, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு நீங்களும் கூடவே பத்து நிமிடம் நடங்கள்.

அந்தப் பைக்காரர் ஏழெட்டு மாதம் கழித்து சளிக்கு மருந்து வாங்க வந்தார். படபடப்பு இப்போதும் மாதம் ஒரு முறை வருகிறதாம், வந்தால் நின்ற இடத்திலேயே நின்று பார்ப்பாராம். சொல்லும்போதே இரண்டு விரல் மணிக்கட்டுக்குப் போனது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், கையை எடுத்துச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.