லாக்அவுட் நேரம் பதிவாகவில்லை என்றால் ஆள் ஓடிவிட்டார் என்று அர்த்தமா?

மறுபடியும் இதே பஞ்சாயத்து. ஊழியர் ஒருவரின் பெயருக்கு நேரே லாக்இன் நேரம் இருக்கிறது, லாக்அவுட் நேரம் இல்லை. சொல்லாமல் பாதியிலேயே கிளம்பிவிட்டார் என்று மெமோ கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆதாரம், லாக்இன், லாக்அவுட் ஆகும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிவைத்த ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அவருடைய கணினியில், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். மறுநாள் காலை கணினி ஆன் ஆனதும் 6008 என்ற எண்ணுள்ள நிகழ்வு பதிவாகியிருந்தது: முந்தைய நாள் மாலை கணினி எதிர்பாராமல் நின்றுபோனது என்று நேரத்தோடு சொல்கிறது. இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். யாரும் பார்க்கவில்லை.

குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் விண்டோஸ் வசதி) இரண்டு ஸ்கிரிப்ட் போட்டுப் பெயர், கணினி, தேதி, நேரத்தை ஒரு வரியாகச் சேர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதற்குள் போகவில்லை. அந்த வரி எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம்.

லாக்அவுட் ஸ்கிரிப்ட் ஓட வேண்டுமானால் பயனர் முறையாக வெளியேற வேண்டும். மின்சாரம் போனால் ஓடாது. விண்டோஸ் செயலிழந்து நீலத்திரை வந்தால் ஓடாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் ஓடாது. லேப்டாப்பை மூடினால் அது பெரும்பாலும் தூங்குமே தவிர லாக்அவுட் ஆகாது. திரையைப் பூட்டினாலும் செஷன் (நுழைந்த நிலை) அப்படியேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டுப் போய்த் திங்கட்கிழமை திறப்பவரின் கணக்கில் சனி, ஞாயிறும் சேர்ந்தே இருக்கும். அந்த இரண்டு நாளும் அவர் வேலை பார்த்தார் என்று எந்த நிர்வாகமும் ஒப்புக்கொள்ளாது. வரி இல்லாத நாளில் மட்டும் வேலை பார்க்கவில்லை என்று எப்படி முடிவுகட்டுகிறீர்கள்?

லாக்இன் நேரமும் அப்படித்தான். விண்டோஸ் 8.1 முதல் லாக்இன் ஸ்கிரிப்ட் இயல்பாகவே 5 நிமிடம் தாமதித்துத்தான் ஓடும். 9 மணிக்கு உட்கார்ந்தவர் 9.05 என்று பதிவாவார், தாமதம் என்று பேர் வாங்குவார். குரூப் பாலிசியில் அந்தத் தாமதத்தை நிறுத்துங்கள். இன்றைக்கே.

எல்லோருக்கும் ஒரே ஃபைல் வைக்காதீர்கள். காலையில் ஒரே நேரத்தில் பலர் நுழையும்போது ஒருவரின் ஸ்கிரிப்ட் ஃபைலைப் பிடித்திருந்தால் இன்னொருவரின் வரி சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். பயனரின் உரிமையில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதும் ஃபைலை, அதே பயனர் நோட்பேடில் திறந்து திருத்தவும் முடியும். நேரமும் அந்தந்தக் கணினியின் கடிகாரத்திலிருந்து வருவதுதான். எல்லாக் கணினிகளையும் ஒரே டைம் சர்வரோடு பொருத்துங்கள்.

நம்பத் தகுந்த பதிவு வேண்டுமென்றால் விண்டோஸே எழுதும் செக்யூரிட்டி லாகைப் பாருங்கள். அதில் நிகழ்வு எண்கள் இவை: 4624 நுழைவு, 4647 பயனரே வெளியேறியது, 4800 பூட்டியது, 4801 திறந்தது. கடைசி இரண்டும், எதைப் பதிய வேண்டும் என்று சொல்லும் ஆடிட் பாலிசியில் நீங்கள் இயக்கினால்தான் பதிவாகும். 4624-இல் வகை எண்ணையும் பாருங்கள்: 2 என்றால் நேரில் உட்கார்ந்து நுழைந்தது, 3 என்றால் நெட்வொர்க் வழி. ஷேர் ஃபோல்டரைத் திறந்ததையெல்லாம் வருகையாக எண்ணி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செக்யூரிட்டி லாக் நிரம்பினால் பழையது அழிந்துபோகும். அதற்குள் தனி சர்வருக்கு அனுப்பிச் சேமியுங்கள். லினக்ஸில் 'லாஸ்ட்' கட்டளை போதும். கணினி திடீரென்று நின்றிருந்தால் அந்த இடத்தில் 'கிராஷ்' என்றே காட்டும்.

மனிதவளத் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். நேரம் பதிவாகிறது என்பதை ஊழியர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். வரி விடுபட்டிருந்தால் முதலில் சிஸ்டம் நிர்வாகியிடம் கேளுங்கள், பிறகு அந்த ஊழியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மெமோவை அதற்கப்புறம் யோசிக்கலாம்.